சங்கிலி ஜெபத்தில் என் முறை

வாம்மா, உள்ள வா. செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டு வா. தண்ணியா? அந்தா, தூணுக்குப் பக்கத்துல பானை இருக்கு பாரு, டம்ளரு மேல கவுத்திருக்கு, நீயே மோந்து குடிச்சுக்கோ. நான்தான் எந்திச்சு வந்து தரணும், ஆனா முடியாது. தப்பா நெனைச்சுக்கிடாத. காலு கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பாயை விட்டு நான் எந்திக்கக் கூடாது, அதான் விசயம்.

வண்டி பஞ்சரா? இந்த வெயில்லயா? சரி, மெக்கானிக்கு வாற வரைக்கும் இங்கேயே இரு. ஃபேனுக்கு நேரா உக்காரு. கோயிலாச்சே, நாம உக்காரலாமான்னு யோசிக்காத, யாரு வேணும்னாலும் உக்காரலாம். நீ இருந்தா எனக்கும் நல்லதுதான். உண்மையச் சொல்லணும்னா, வாசல்ல நிழலாடவும் எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிட்டு. மொதல்ல, எனக்கு அடுத்து வரவேண்டிய எப்சிதான் வந்துட்டாளோன்னு நெனச்சேன். பொறகு, ஐயோ, சேதி சொல்லத்தான் ஆளு வந்துட்டாவளோன்னு நெனச்சேன். நீ தண்ணி கேக்கவும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

பேரு என்ன? கோமதியா. அப்ப சங்கரன்கோயில் பக்கமா? பேர வச்சே சொல்லிட்டேன் பாத்தியா. மொட்டை மாடியில சோலாரு வைக்க அளவெடுக்க வந்தியாக்கும். எங்க ஊருல வேற எதுக்குக் குறை இருந்தாலும் வெயிலுக்குக் குறை கிடையாது, தாராளமா வைக்கலாம்.

என் பேரு ஞானரூபி. ஊருல ரூபி டீச்சர்னு கேட்டா சொல்லுவாவ. பள்ளிக்கூட டீச்சர் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில சின்னப் பிள்ளைகளுக்கு இங்க பைபிள் கதை சொல்லிக் குடுப்பேன், பாட்டு சொல்லிக் குடுப்பேன். அதுல வந்த பேரு.

நான் ஏன் இப்படி மண்டி போட்டுக்கிட்டு இருக்கேன்னு பாக்குற. இங்க சங்கிலி ஜெபம் நடக்குதும்மா. உனக்குத் தெரியாதுல்லா. ஊருல யாருக்காவது உசுருக்கு ஆபத்துன்னா, ஆளுக்கு ஒரு மணி நேரம்னு பிரிச்சுக்கிட்டு விடாம ஜெபம் பண்ணுவோம். இந்தப் பாயில எப்பவும் ஒரு ஆளு இருக்கணும். அடுத்த ஆளு வந்து பக்கத்துல முழங்கால் போட்டு, நம்ம தோள்ல கை வச்சாத்தான் நாம எந்திக்கலாம். பாய் காலியாச்சுன்னா சங்கிலி அறுந்துட்டுன்னு அர்த்தம். கையில போனும் கொண்டுவரக் கூடாது. அது ஐயரம்மா போட்ட சட்டம். ஐயருன்னு நாங்க சொல்லுறது எங்க கோயில் குருவானவர, அவரு சம்சாரம் ஐயரம்மா. நீ வேற யாரையாவது நெனச்சுக்கிடாத.

யாருக்காகவா? ஜெமிமான்னு ஒரு பிள்ளை. ரெண்டாங்கிளாஸ் படிக்கா. என் ஞாயித்துக்கிழமை வகுப்புப் பிள்ளை. காய்ச்சல்னு படுத்தா, ஊசி போட்டாவ, காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டுன்னாவ. இப்ப பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில வாயில குழாய வச்சு, மெசினுதான் அவளுக்காக மூச்சு விடுது. இன்னைக்குப் பொழுது தாண்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

எனக்கு ஒண்ணு முதல் ரெண்டு வரைக்கும் முறை. ரெண்டு மணிக்கு எப்சி வரணும், பக்கத்துத் தெருக்காரி, என்னை மைனின்னுதான் கூப்பிடுவா. இப்ப மணி என்ன? ரெண்டரை ஆகப் போவுதா? எப்சி இப்படிப் பண்ணுறவ இல்ல. கடிகாரத்துக்கே அவ நேரம் சொல்லிக் குடுப்பா. அவ வரலைன்னா ஏதோ நடந்துருக்கு. ஒருவேளை பிள்ளை போய்ட்டாளோ, எல்லாரும் வேனைப் பிடிச்சு பாளையங்கோட்டைக்குக் கிளம்பிட்டாவளோ, இங்க ஒருத்தி பாயில கெடக்காங்கிறதையே மறந்துட்டாவளோன்னு எனக்கு என்னென்னமோ ஓடுது.

ஜெபம் பண்ணாம உங்கிட்ட ஏன் பேசிக்கிட்டு இருக்கேன்னுதானே பாக்குற? வாயத் தொறந்து கேக்கல, ஆனா முகத்துல எழுதியிருக்கு. சொல்லுதேன். நீ வெளியூர்க்காரி, நாளைக்கு நாம பாத்துக்கிடப் போறதில்ல. எங்க வீட்டு ஆளுகிட்டகூட நான் இதச் சொல்லல.

எனக்கு ஜெபம் வரலம்மா.

இன்னைக்கு மட்டுமில்ல, போன வருசம் குருத்தோலை ஞாயிறு கழிஞ்சதுல இருந்து வரல. ஒண்ணும் நடக்கல, அதச் சொல்லிருதேன். வீட்டுல சாவு இல்ல, நோய் இல்ல, சண்டை சச்சரவு இல்ல. மக நல்லா இருக்கா, மருமகன் தங்கமான பையன். ஒரு நாள் காலையில வழக்கம்போல முழங்கால் போட்டேன், ஆண்டவரேன்னு கூப்பிட்டேன், அந்தப் பக்கம் ஆள் இல்ல. எப்படிச் சொல்ல? போன்ல பேசிக்கிட்டே இருப்போம், லைன் எப்பவோ போயிருக்கும், நாம தெரியாம அலோ அலோன்னு கத்திக்கிட்டு இருப்போம்லா, அப்படி. இன்னைக்குச் சரியாயிரும், நாளைக்குச் சரியாயிரும்னு பாத்தேன். ஆகல. ஏதாவது நடந்திருந்தா அதனாலன்னு சொல்லிக்கலாம். ஒண்ணுமே நடக்காம அவரு போயிட்டாரு. அதான் பயம்.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காத. உபவாசம் இருந்தேன், மயக்கம் வந்து அடுப்படியில விழுந்தேன். எங்க வீட்டுல அவிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி சுகரு பாத்தாவ. ஐயர்கிட்ட லேசா ஆரம்பிச்சேன். மனசு வறண்டு கெடக்குன்னேன். நல்லா தூங்குறீங்களா டீச்சர், பிரசர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களான்னு கேட்டாவ. நல்ல மனுசன், நானும் போடுதேன்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன். எதுவும் பாவம் தடையா நிக்குதோன்னு உக்காந்து யோசிச்சேன். என் நாத்தனா வீட்டு இட்லிக் கொப்பரை என் வீட்டுலயே கெடந்துச்சு, அவளும் கேக்கல, நானும் குடுக்கல. அத வெளக்கித் தேச்சு கொண்டுபோய்க் குடுத்து, மன்னிச்சுரு தாயின்னேன். அவ பயந்து போயி, அண்ணன்கிட்ட போன் பண்ணி, மைனிக்கு ஏதும் பெரிய வியாதியா, எங்கிட்ட மறைக்கீங்களான்னு ஒரே அழுகை. சிரிக்காத. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

எல்லாத்தையும் விட்டுட்டீங்களான்னு கேக்குறியா? எத விட? தெனமும் காலையில பைபிள எடுக்கத்தான் செய்யுதேன். எழுத்து எழுத்தா இருக்கும், உள்ள போவாது, இருந்தாலும் அன்னைக்குள்ள அதிகாரத்தப் படிச்சு மூடி வச்சுருவேன். சனிக்கிழமை வந்து இந்தக் கோயிலப் பெருக்கித் தண்ணி பிடிச்சு வைப்பேன், அந்தப் பானைத் தண்ணிகூட நான் வச்சதுதான். உலையில அரிசி போடும்போது காணிக்கைக்கு ஒரு பிடி எடுத்துத் தனியா வைப்பேன். அதெல்லாம் ஒரு கணக்கா? அதெல்லாம் பழக்கம். பல்லு தேய்க்கதுக்குப் பக்தின்னா பேரு?

ஏனம் கழுவும்போது மட்டும் அவருகிட்ட சண்டை போடுவேன். கேக்குதா, நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா, என்ன தப்பு பண்ணுனேன்னு சொல்லிட்டாவது போகக் கூடாதான்னு கேப்பேன். தெனமும் கேப்பேன். அதுக்கும் பதில் கிடையாது. அத ஜெபம்னு சொல்ல முடியாதும்மா, வெறும் வாயாடுறதுதான்.

இதுல இந்தப் பிள்ளை ஜெமிமா என்ன பண்ணுனா தெரியுமா? ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் போன பொறகு எங்கிட்ட வந்து நின்னா. டீச்சர், இயேசப்பா உங்ககிட்ட பேசுவாரான்னு கேட்டா. நான் என்ன சொல்ல? பேசுவாரே, மனசுக்குள்ள கேக்கும்னு சொல்லிட்டேன். எப்படி டீச்சர் கேக்கும், சத்தமாவா மெதுவாவான்னா. மெதுவாத்தான்னேன். கண்ண விரிச்சுக்கிட்டு அப்படியே நம்பிட்டா. வீட்டுக்குப் போயி அவ அம்மாகிட்ட, ரூபி டீச்சர்கிட்ட இயேசப்பா பேசுதாராம், டீச்சருக்கு நல்லாக் கேக்குதாம்னு சொல்லியிருக்கா.

அதான் வினை. பிள்ளையை ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது அவ அம்மை ரோஸ்லின் என் கையப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கா. அத்தை, யாரு ஜெபிச்சாலும் ஜெபிக்காட்டியும் நீங்க ஜெபிங்க, நீங்க கேட்டா அவரு குடுப்பாருன்னு சொல்லுதா. ஊரே நிக்கி. நான் தலைய ஆட்டிட்டேன். வேற என்ன செய்ய? ரோஸ்லின், எனக்கு ஒரு வருசமா லைன் இல்ல, நீ வேற ஆளப் பாருன்னு அங்க வச்சுச் சொல்ல முடியுமா?

ஐயரம்மா பேரு போடும்போது ஒண்ணு முதல் ரெண்டுன்னு நானே கேட்டு வாங்குனேன். உச்சி வெயிலு, ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாவ. எனக்கு முன்னால சொர்ணபாய் இருந்தா. அவ ஜெபம் பண்ணுனத நீ கேட்டிருக்கணும். தரையில தலைய முட்டி, கண்ணீரு தாரையா ஓடுது, குரல் அப்படியே கட்டிப் போச்சு. அவ எடத்துல நான் வந்து முழங்கால் போடுதேன். வாயத் தொறந்தேன். ஆண்டவரேன்னேன். அதோட சரி. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. ஒரு மணி நேரமும் கண்ண மூடிக்கிட்டு இந்தப் பாயைப் பிடிச்சுக்கிட்டு மரக்கட்டை மாதிரி இருந்தேன். ஊரெல்லாம் சேந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு சங்கிலி கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, அதுல ஒரு கண்ணி உள்ள ஒண்ணுமே இல்லாதது, அது நான். பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுலதான் ஆயிருக்கும். அது எனக்கு நல்லாத் தெரியுது.

கை எப்படிச் சில்லுன்னு இருக்கு பாரு, தொட்டுப் பாரு. இந்த வெயில்ல.

என்ன, போனா? உன் போன்லயா? வேண்டாம் தாயி. ஐயரம்மா சட்டத்துக்காகச் சொல்லல, உள்ளதச் சொல்லுதேன், கேக்க எனக்குத் தைரியம் இல்ல. போன் அடிக்காத வரைக்கும் அந்தப் பிள்ளை உசுரோட இருக்கா. நான் நம்பர அமுக்கி, அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டுச்சுன்னா நான் என்ன செய்வேன்?

இல்ல, நீ சொல்லுறதும் சரிதான். எப்சிக்கு வழியில ஏதாவது ஆயிருந்தா? அவளுக்கும் வயசாவுது. குடு. எனக்கு எங்க வீட்டுக்காரரு நம்பரு மட்டும்தான் மனப்பாடம். நீயே போட்டுக் குடும்மா, நான் நம்பரச் சொல்லுதேன்.

அலோ. நான்தான். யாரு போனுங்கிறது பொறவு. பிள்ளை எப்படி இருக்கு? ஆங்? சத்தமாப் பேசுங்க. அப்படியேதான் இருக்கா? மெசினு ஓடுதா? ஓடுதுல்லா? ரோஸ்லினு? உள்ள விட மாட்டேங்காவளா, பாவம். சரி. சரி. எப்சி எங்க? என்னது? ஒண்ணே முக்காலுக்கே கோயிலுக்குப் புறப்பட்டுட்டாளா? இங்க வரலியே. நீங்க பாத்தீங்களா? நல்லாப் பாத்தீங்களா? சரி, வைக்கேன்.

உசுரோட இருக்காம்மா. அப்படியேதான் இருக்காளாம். கூடல, குறையல. ஸ்தோத்திரம். இரு, எனக்கு ஒரு வாய் தண்ணி குடு.

அப்ப எப்சி எங்க போனா? அவ வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு தெருதான். குண்டா இருப்பா, கண்ணாடி போட்டிருப்பா, கோயிலுக்கு வரும்போது வெள்ளைச் சேலைதான் கட்டுவா. ரோட்டுல எங்கயும் விழுந்து கெடந்தாளா, பாத்தியா நீ?

என்ன சொல்லுத? பின்னாலயா? நம்ம கோயில் பின்னாலயா? நீ வண்டிய நிறுத்தும்போதேவா? ஜன்னலுக்குக் கீழ படியில வெள்ளைச் சேலை கட்டின ஒரு அம்மா உக்காந்திருந்தாங்கன்னு இப்பச் சொல்லுத. இல்ல, உன்மேல குத்தமில்ல, உனக்கு எப்படித் தெரியும்?

எந்த ஜன்னலு? இந்த ஜன்னலா?

அப்ப நான் பேசுனது எல்லாம் கேட்டிருக்கும்லா.

ஏட்டி எப்சி. எப்சி. அங்கதான் இருக்கியா? உள்ள வா. நான் எந்திச்சு வர முடியாது, உனக்கே தெரியும். வா உள்ள.

வாறா பாரு. ஏன் இப்படி மூஞ்சியெல்லாம் வேத்துக் கெடக்கு? என்னட்டி பண்ணுன? நான் இங்க செத்துப் பொழைச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னன்னா படியில உக்காந்து காத்து வாங்குறியா? பிள்ளைக்கு என்னமோ ஏதோன்னு நான் போன் வரைக்கும் அடிச்சுட்டேன். கோவத்துல அடிச்சுருவேன் பாத்துக்கோ. வாயத் தொறந்து சொல்லு. மெதுவாச் சொல்லு, அழாத. இந்தப் பிள்ளை இருந்தா இருக்கட்டும், இவளுக்கு எல்லாம் தெரியும்.

என்னது?

ரெண்டு மணிக்கே வந்துட்டியா? வாசல் வரைக்கும் வந்தியா? வந்து?

கோமதி, கேட்டியா இவ சொல்லுறத? வந்தாளாம். நான் கண்ண மூடிக்கிட்டு அசையாம இருந்தேனாம். ஒரு சத்தம் இல்லாம, வாய்கூட அசையாம. இப்படி ஆழமா ஜெபத்துல இருக்கிற மனுசியைத் தொட்டு எழுப்ப இவளுக்குப் பயமாப் போச்சாம். மைனி ஆண்டவர்கிட்ட நேருக்கு நேரா நிக்கி, இதுல நான் போயி எதுக்கு என் வறண்ட வாயோட நடுவுல பூந்து சங்கிலிய அறுக்கணும், மைனியே எனக்கும் சேத்து இருக்கட்டும்னு பின்னால போய் உக்காந்துட்டாளாம். நான் உங்கிட்டச் சொன்னதெல்லாம் கேட்டும் உள்ள வர வெக்கமாம், இவளுக்கும் ஜெபம் வரலியாம். எப்ப இருந்துட்டி? உன் வீட்டுக்காரரு போனதுல இருந்தா? அவரு செத்து மூணாவது வருசம்லா இது? இவ்வளவு நாளா ஒருத்திக்கும் சொல்லாமலா கெடந்த? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் பக்கத்துலதானே உக்காருத. பாட்டெல்லாம் என்னை விடச் சத்தமாப் படிக்கிறியே.

நான் ஜெபத்துல இருந்தேன்னா நெனச்ச. ஏ எப்சி, நான் பயத்துல வெறச்சுப் போயி இருந்தேன்.

என்னைப் பாத்து நீ பயந்துருக்க. சொர்ணபாயப் பாத்து நான் பயந்துருக்கேன். சொர்ணபாய் யாரப் பாத்துப் பயந்தாளோ. வேண்டாம், அவகிட்ட நாம கேக்க வேண்டாம். கேட்டு அவளும் இல்லைன்னுட்டா நான் தாங்க மாட்டேன்.

இப்ப என்ன செய்ய? மணி மூணுக்கு ஆசீர்வாதம் வாத்தியார் வந்துருவாரு. உன் முறையில இன்னும் கொஞ்சம் கெடக்கு. பாய்ல எடம் விடுதேன், வா. இல்ல, என் தோள்ல கை வைக்காத, வச்சா நான் எந்திச்சுப் போகணும். நான் போகல. போனா நீ ஒத்தையில கெடப்ப. நான் ஒத்தையில கெடந்து பாத்துட்டேன், அது வேண்டாம் உனக்கு. கையப் பிடிச்சுக்கோ, போதும்.

கோமதி, உன் வண்டிக்கு ஆளு வந்துட்டாப்புல இருக்கு, வெளிய ஆரன் அடிக்காவ. கிளம்பு தாயி. போற வழியில தண்ணி வேணும்னா பாட்டில்ல பிடிச்சுக்கோ. நான் சொன்னத யாருகிட்டயும் சொல்லாத. சொன்னாலும் சொல்லு, இனி என்ன. பாத்துப் போ, ரோட்டுல மணல் லாரி வரும்.

எப்சி, கண்ண மூடு. நீ சொல்லுறியா? சரி, நானே சொல்லுதேன். வாறது வரட்டும்.

ஆண்டவரே. நான் ரூபி. இது எப்சி. நீங்க இங்க இருக்கீங்களான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. எங்களுக்குப் பயமா இருக்கு. அங்க அந்தப் பிள்ளை அத்தனை மெசினுக்கு நடுவுல கெடக்கா, பெத்தவளக்கூட உள்ள விட மாட்டேங்காவ. நீங்க எங்கிட்ட வரலைன்னு ஒரு வருசமா சண்டை போட்டேன். இப்பச் சொல்லுதேன், எங்கிட்ட வர வேண்டாம். நீங்க வராட்டியும் நான் இந்தப் பாய்க்கு வந்துக்கிட்டுத்தான் இருப்பேன், எனக்கு வேற போக்கெடம் தெரியாது. நீங்க அங்க போங்க. அவ பக்கத்துலயே இருங்க. கண்ணு முழிச்சா சின்னப் பிள்ளை, ஆளு இல்லாட்டா பயந்துருவா.